மாதாவின் அங்கிக்குள் யார்? ஆண்டிஸ் கலைஞர்கள் புனித உருவங்களைத் திரும்பச் செய்யும் விதம்

பொலிவியாவின் பொட்டோசி நகரத்துப் பழைய நாணயச்சாலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்குள்ள 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றிலிருந்து தொடங்கினால், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுக் கலைஞர்கள் புனித உருவங்களை மாற்றிச் செய்யும் விதம் எளிதில் பிடிபடும். சிவந்த மலை ஒன்று முக்கோணமாக எழுந்து நிற்கிறது. உச்சியில் மாதாவின் முகம். இரு சரிவுகளிலும் விரிந்த கைகள். உடல் என்று தனியாக எதுவும் வரையப்படவில்லை. மலைதான் உடல், மலைதான் அங்கி. மேலே தந்தை, மகன், தூய ஆவி மூவரும் முடிசூட்டுகிறார்கள். ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் சந்திரன். அங்கியில் பூவேலைப்பாடு இருக்க வேண்டிய இடத்தில் பாதைகள், விலங்குகள், சின்னச் சின்ன மனிதர்கள். அந்த மலையின் பெயர் செர்ரோ ரிக்கோ. 1545இல் அங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. பிறகு ஆண்டிஸ் ஊர்களிலிருந்து ஆண்களை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு அதன் சுரங்கங்களுக்குள் அனுப்பினார்கள்.

இந்த மலை-மாதாவைப் பூமித்தாய் பச்சமாமாவும் மரியாளும் ஒன்றாகக் கலந்த உருவம் என்று பொலிவியக் கலை வரலாற்றாசிரியர் தெரேசா ஹிஸ்பெர்ட் வாசித்தார். எல்லா ஆய்வாளர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை. சுரங்க வருமானத்தைத் திருச்சபையும் அரசும் ஆசீர்வதித்துக்கொண்ட படம் இது என்று பார்ப்பவர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும் ஒன்று மறுக்க முடியாதது: ஐரோப்பாவிலிருந்து வந்த மாதா இங்கே அப்படியே தங்கவில்லை.

இன்றைய ஆண்டிஸ் கலைஞர் ஒருவர் மாதாவின் உடையில் ஆணுடலோடு நின்று படமெடுத்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, “புனித உருவத்தில் கை வைக்கலாமா?” என்பதுதான். ஆண்டிஸில் கை வைத்து 440 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. யார் கை வைக்கலாம், யாருடைய உடல் அந்த அங்கிக்குள் நிற்கலாம் என்பதுதான் அங்கே முதல் நாளிலிருந்தே தகராறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

“குரங்கை வரையப் போ”

டிட்டிகாக்கா ஏரிக்கரையில் உள்ள கோபகபானா ஊரைச் சேர்ந்தவர் பிரான்சிஸ்கோ தித்தோ யுபாங்கி. ஸ்பானியர் வெல்வதற்கு முன் ஆண்டிஸை ஆண்ட இன்கா அரச வழியில் வந்தவர். தன் ஊருக்கு ஒரு மாதா சொரூபம் செய்ய ஆசைப்பட்டார். முதல் முயற்சி களிமண்ணில். அதைப் பீடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பொட்டோசிக்குப் போய் வேலை கற்றுக்கொண்டார். உருவம் செய்ய ஆயரிடம் உரிமம் கேட்டபோது சிரித்தார்கள். மாதாவெல்லாம் உனக்கு வேண்டாம், குரங்கை வரையப் போ என்றார்கள். அவர் விடவில்லை. கற்றாழை இனச் செடியின் தண்டையும் பசை தோய்த்த துணியையும் கொண்டு செய்து முடித்த சொரூபம் 1583 பிப்ரவரி 2 அன்று கோபகபானாவுக்கு வந்தது. இன்று பொலிவியா முழுதும் வணங்கும் மாதா அதுதான்.

பெருவின் குஸ்கோ நகரிலும் இதே இழுபறி. அங்கே ஸ்பானிய ஓவியர்களும் பூர்வகுடி ஓவியர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1688இல் அது உடைந்தது. அதன்பின் பூர்வகுடிப் பட்டறைகள் தங்கள் போக்கில் வளர்த்த பாணியைத்தான் ‘குஸ்கோ ஓவிய மரபு’ என்கிறோம். அவர்களுக்கு மாதிரியாகக் கிடைத்தவை பெரும்பாலும் ஐரோப்பாவில் அச்சான கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணம், துணி, பறவை, உணவு எல்லாம் அவர்களே சேர்த்தவை. குஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சபாத்தா வரைந்த இராவுணவுப் படத்தில் இயேசுவின் முன் தட்டில் இருப்பது கூய். ஆண்டிஸ் வீடுகளில் வளர்த்துச் சமைக்கும் கினிப்பன்றி.

உருவத்தின் உறுப்புகள்

இன்றைய படைப்புகள் இந்தப் பழைய உருவங்களின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் போடுகின்றன. உறுப்புகள் தெரியாவிட்டால் திருப்பியது எது என்றும் தெரியாது.

முதலாவது, முக்கோணம். ஆண்டிஸ் மாதாக்களின் அங்கி கழுத்திலிருந்து தரை வரை நேர்கோட்டில் விரியும். இடுப்பு தெரியாது, முழங்கால் தெரியாது. இரண்டாவது, தங்கம். குஸ்கோ ஓவியர்கள் படத்தை வரைந்து முடித்த பிறகே அதன்மேல் ஒட்டுப்பசை தடவித் தங்கத் தாளால் பூவேலை வைப்பார்கள். துணியில் மடிப்பு இருந்தாலும் தங்கப் பூ மடியாது, தட்டையாகவே ஓடும். இதை ஒருமுறை கவனித்துவிட்டால் குஸ்கோ பாணியை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். மூன்றாவது, இரு பக்கமும் சூரியன், சந்திரன். கிறித்தவப் படமரபிலும் இவை உண்டு, இன்கா வழிபாட்டிலும் உண்டு. இரண்டு வீட்டுக்கும் சொந்தமானவை என்பதால்தான் இவ்வளவு காலம் நிலைத்தன. நான்காவது, அதிதூதர்கள், அதாவது தலைமை வானதூதர்கள். பொலிவியாவின் கலமார்க்கா கோயிலில் துப்பாக்கி ஏந்திய அதிதூதர் வரிசை இருக்கிறது. சரிகைச் சட்டை, இறகுத் தொப்பி, வில்லைபோல் கட்டிய ரிப்பன், மீசையில்லாத மெல்லிய முகம். ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாத அந்த முகங்களைப் பிற்காலக் கலைஞர்கள் விட்டுவைக்கவில்லை.

ஐந்தாவதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஆண்டிஸ் கோயில்களில் உள்ள மாதா சொரூபங்களில் பல ‘உடுத்தும் சொரூபங்கள்’. முகத்தையும் கைகளையும் மட்டுமே செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிக் கண் பதிப்பார்கள். தலையில் பெரும்பாலும் உண்மையான மனித முடி. கழுத்துக்குக் கீழே மரச்சட்டங்களை இணைத்த கூடு, அவ்வளவுதான். அந்தக் கூட்டின்மேல் உள்பாவாடை, அங்கி, மேலாடை, நகை, கிரீடம் என்று அடுக்கடுக்காக ஏறும். திருவிழாவுக்குத் திருவிழா உடை மாறும். உடுத்திவிடுவதற்கென்றே பக்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்வார்கள். ஆக, மாதாவின் பெண்மை என்று பக்தர் காண்பது முடி, முகப்பூச்சு, துணி, நகை ஆகியவை சேர்ந்து உண்டாக்குவது. வேடம் கட்டிப் பெண்ணாக நிற்கும் ஒருவருக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கலை முழுவதற்கும் திறவுகோல் இந்த மரக்கூடு என்றே நாங்கள் நினைக்கிறோம்.

ஹுஸெப்பே கம்புசானோவின் அருங்காட்சியகம்

பெருவின் லீமாவில் 1969இல் பிறந்தவர் கம்புசானோ. தத்துவம் படித்தவர், வேடம் புனைந்து மேடையேறியவர். 2000களின் தொடக்கத்தில் ‘பெருவின் டிராவெஸ்தி அருங்காட்சியகம்’ என்ற ஒன்றை உருவாக்கினார். டிராவெஸ்தி என்பது லத்தீன் அமெரிக்காவில் பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டுப் பெண் தோற்றத்தில் வாழ்பவரைக் குறிக்கும் சொல். வசையாக இருந்ததை அவர்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். திருநங்கை என்ற நம் சொல்லோடு பெரும்பகுதி பொருந்தும், முழுதும் பொருந்தாது. அதனால் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

இந்த அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் இல்லை. பூங்கா, தெரு, பல்கலைக்கழகம், கண்காட்சிக் கூடம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விரியும். உள்ளே இருப்பவை: பழங்கால மண்பாண்டப் படங்கள், காலனிய அரசாணைகள், நடன உடைகள், செய்தித்தாள் துண்டுகள், அவர் தானே மாதாவாக நின்ற புகைப்படங்கள். 2007ஆம் ஆண்டின் ‘வாக்காக்களின் மாதா’ அவற்றில் பெயர்பெற்றது. வாக்கா என்றால் ஆண்டிஸ் மக்களுக்குப் புனிதமான இடம் அல்லது பொருள்: ஒரு பாறை, ஒரு ஊற்று, மூதாதையின் பதப்படுத்திய உடல். 17ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் ஊர் ஊராகப் போய் வாக்காக்களை உடைத்தார்கள், எரித்தார்கள். உடைத்தவர்கள் கொண்டுவந்த மாதாவையும் உடைபட்ட வாக்காவையும் உடைத்தவர்கள் ஒதுக்கிய டிராவெஸ்தி உடலையும் ஒரே படத்தில் நிற்க வைத்தார் கம்புசானோ. தலைப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இதில் பாதி போய்விடும்.

அவர் ஆவணங்களைத் தேடிய விதமும் முக்கியம். 1566இல் பெருவின் வடகடற்கரை ஊர்களுக்காக கிரகோரியோ கொன்சாலெஸ் தே குவென்கா என்ற அதிகாரி எழுதிய சட்டவிதிகளில் ஒன்று, ஆண் பெண்ணுடையிலோ பெண் ஆணுடையிலோ நடந்தால் முதல் தடவை 100 கசையடி, எல்லோர் முன்னிலையிலும் முடி வெட்டு என்கிறது. தண்டனை எழுதும் அளவுக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது என்பதற்குச் சட்டமே சாட்சி. அதேபோல் 1613 வாக்கில் பச்சாகுத்தி யாம்கி என்ற ஆண்டிஸ் எழுத்தர், பல நிறம் கொண்ட சுக்கி சிஞ்சாய் என்ற புலியுரு, ‘இரண்டு இயல்பு உடைய’ மனிதர்களின் காவல் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, இன்கா காலத்தில் எல்லாப் பாலினரும் சமமாக, சுகமாக வாழ்ந்தார்கள் என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. எழுதியவர் கிறித்தவர், எழுதியது ஸ்பானியத்தில், வெற்றிகொள்ளப்பட்டு 80 ஆண்டுகள் கழித்து. இன்கா அரசே பல இனக்குழுக்களை அடக்கி ஆண்ட அரசு. கம்புசானோவின் பலம், இழந்த சொர்க்கம் ஒன்றைக் கட்டாமல் கிழிந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டியதுதான்.

2009இல் தன் அடையாள அட்டையைப் பெரிதாக்கி, வேடமிட்ட முகத்தோடு ஒரு படைப்பு செய்தார். பெருவில் தேசிய அடையாள அட்டையை டி.என்.ஐ. என்பார்கள். அதே எழுத்துகளுக்கு லத்தீனில் ‘நிச்சயமற்ற இயல்பு’ என்று விரிவு கொடுத்தார். 2013இல், 44ஆம் வயதில், நரம்புத்தசை நோயால் இறந்தார். மறு ஆண்டு பிரேசிலின் சாவோ பாவ்லோ ஈராண்டுக் கண்காட்சியில் அவர் வேலைகள் இடம்பெற்றன. சிலிக் கலைஞர்களான பெத்ரோ லெமெபெல், பிரான்சிஸ்கோ காசாஸ் இணையின் வேலைகளும் அதே கண்காட்சியில் இருந்தன.

முட்கிரீடமும் போர்க்காலமும்

கம்புசானோவுக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் சக்லகாயோ கலைக்குழுவினர். லீமாவின் கிழக்குப் புறநகரான சக்லகாயோவில் ஒரு வீட்டில் 1982 முதல் கூடி வாழ்ந்தார்கள்: செர்ஹியோ செவாயோஸ், ராவுல் அவெயானேதா, ஜெர்மானியரான ஹெல்முட் சோட்டா. லீமாவின் புனித ரோசா (1586–1617) அமெரிக்கக் கண்டத்தின் முதல் புனிதர். உடலை வருத்தித் தவம் இருந்தவர், ரோஜா மாலைக்கு அடியில் முள் வைத்த கிரீடம் அணிந்தவர். செவாயோஸ் 1986இல் அந்த ரோசாவை ஆணுடலில் ஏற்றிக் காட்டினார். கந்தல், எலும்பு, குப்பையில் எடுத்த பொருள்கள், ஆண் உடல், மணப்பெண் முகப்பூச்சு.

காலத்தைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் இது வெறும் அதிர்ச்சி வைத்தியமாகத் தோன்றும். 1980 முதல் 2000 வரை பெருவில் உள்நாட்டுப் போர். உண்மை அறியும் ஆணையம் 2003இல் கொடுத்த மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 69,280 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் நான்கில் மூவர் கெச்சுவாவோ வேறொரு பூர்வகுடி மொழியோ பேசியவர்கள். வதைபட்ட உடலைப் புனிதமென்று பீடத்தில் வைக்கும் ஊரில், மலைக்கிராமங்களில் வதைபட்ட உடல்களை யாரும் பார்க்கவில்லை. செவாயோஸின் ரோசா அந்த இரண்டு உடல்களையும் ஒன்றாக்கினார்.

சொரூபத்தின் முகத்தை மாற்றுதல்

எல்லாரும் இவ்வளவு கடுமையாகப் போவதில்லை. பெருக் கலைஞர் அனா தே ஓர்பெகோசோ 2006இல் ‘நகரத்து மாதாக்கள்’ என்ற வரிசையைச் செய்தார். குஸ்கோ மரபின் மாதா ஓவியங்களை எடுத்து, வெள்ளை முகத்தின் இடத்தில் இன்றைய பெருப் பெண்களின் முகங்களை வைத்தார். அந்த மாதாக்களை அணிந்துகொள்ளும் உருவங்களாகச் செய்து தெருக்களில் பவனியாகக் கொண்டுபோனார். லீமாவில் மலைநாட்டு முகம் உள்ளவரைச் ‘சோலா’ என்று இளக்காரமாகக் கூப்பிடுவது இன்னும் உண்டு. அந்த முகம் பொன் அங்கிக்குள் தெருவில் வரும்போது அதன் எடையே வேறு.

குஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் குக்குலி வெலார்தே சுடுமண் கலைஞர். அவருடைய ‘கார்ப்பஸ்’ வரிசைக்கு மூலம் குஸ்கோவின் கார்ப்பஸ் கிறிஸ்தி, அதாவது கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா. அன்று பல பங்குகளிலிருந்து 15 சொரூபங்கள் பேராலயத்துக்குப் பவனியாக வரும். ஸ்பானியர் வருவதற்கு முன் இதே நகரில் இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களைப் பவனியாகக் கொண்டுவந்தார்கள். புனிதரின் உருவுக்குள் பழைய தெய்வம் ஒளிந்திருந்து இன்னும் சுற்றிவருகிறது என்ற எண்ணத்தை வெலார்தே மண்ணில் பிடித்தார். வெளிக்கோடு புனிதருடையது, முகமும் கண்ணும் ஸ்பானியருக்கு முந்தைய பானைகளுடையவை.

இன்னும் இளையவர் வின்னி மினெர்வா. மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் லீமாவின் தெற்குப் பாலைநிலத்தில் உண்டாக்கிய வியா எல் சல்வதோரில் பிறந்தவர். ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாள் வந்த கதைக்குப் பதிலாக, தன் விலா எலும்பு ஒன்றை அறுவை சிகிச்சையால் எடுத்து 2023இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்.

மூன்று முகம் கொண்ட இயேசு

அருங்காட்சியகத்துக்கு வெளியே, பொலிவியாவின் லா பாஸ் நகரத் தெருவில்தான் இந்த விஷயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே நடக்கும் ‘கிரான் போதெர்’ திருவிழா ஓர் ஓவியத்தின் பெயரால் நடப்பது. அந்த ஓவியத்தில் முதலில் இயேசுவுக்கு மூன்று முகங்கள். மூவொரு கடவுளை அப்படி வரைவது ஆண்டிஸில் வழக்கம். ஐரோப்பியத் திருச்சபை அதை ஏற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆயரின் ஆணைப்படி பக்கவாட்டு முகங்கள் இரண்டையும் வண்ணம் பூசி மறைத்து, ஒரு முகத்தை மட்டும் விட்டார்கள். புனித உருவத்தை மாற்றுவது கலைஞர்களின் குறும்பு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் திருவிழாவிலும் பொலிவியாவின் ஒரூரோ நகரத்துக் கார்னிவல் ஊர்வல விழாவிலும் ஆடும் மொரெனாதா நடனத்தில் ‘சீனா மொரேனா’ என்று ஒரு பெண் பாத்திரம். நெடுங்காலம் அதை ஆண்கள் ஆடினார்கள். 1960களிலும் 70களிலும் டிராவெஸ்தி கலைஞர்கள் அதைத் தங்கள் கையில் எடுத்து, குட்டைப் பாவாடையும் முழங்காலைத் தாண்டும் உயர் குதிகால் பூட்ஸும் கொண்டுவந்தார்கள். இன்று பெண்கள் அணிந்து ஆடும் உடை அங்கிருந்து வந்தது. 1974இல் பார்பரெல்லா என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர், விழா பார்க்க வந்த சர்வாதிகாரி ஹூகோ பான்செருக்கு முத்தம் கொடுத்துவிட்டார் என்றும் அதன்பின் டிராவெஸ்திகள் ஊர்வலத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் என்றும் அவர்களிடையே வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. குடும்பம் கலான் என்ற லா பாஸ் குழுவும் அதைச் சேர்ந்த தாவித் அருக்கிப்பாவும் பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்த்து இந்த வரலாற்றை மீட்டார்கள்.

எங்கே பிசகும்

ஒரு படைப்பைப் பார்க்கும்போது முதலில் அதன் மூலவுருவம் எது என்று கண்டுபிடியுங்கள்: எந்த மாதா, எந்த ஊர், எந்தத் திருநாள். பிறகு எந்த உறுப்பை மாற்றியிருக்கிறார்கள், எதை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாற்றாமல் விட்டதில்தான் பெரும்பாலும் கலைஞரின் மரியாதை தெரியும். செய்தவர் அந்த மரபுக்குள் வளர்ந்தவரா, வெளியாளா என்பதும் பொருளை மாற்றும்.

மாதாவுக்கு உள்ளாடை மட்டும் அணிவித்துவிட்டு அதோடு நின்றுவிடும் படங்கள் வலுவிழப்பது ஏனென்றால், அவை ஒரே ஓர் உறுப்பைத்தான் தொடுகின்றன. ஆனால் இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரூரோவின் சுரங்க மாதாவை 2018இல் பொலிவிய ஓவியர் ரில்தா பாக்கோ உள்ளாடையோடு வரைந்து இணையத்தில் வெளியிட்டபோது மிரட்டல்கள் குவிந்தன. அவர் சுட்டிக்காட்டியது மாதாவை அல்ல. மாதாவின் பெயரால் நடக்கும் கார்னிவலில் குடியும் பெண்கள் மீதான வன்முறையும் பெருகியதை. ஊரின் உள்விவகாரம் தெரியாதவருக்கு அது வெறும் ஆபாசமாகத்தான் தெரியும்.

இன்னொரு பிசகு, வண்ணக் கோடு போட்ட மலைநாட்டுத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு ‘ஆண்டிஸ் அடையாளம்’ என்று பெயர் வைப்பது. கெச்சுவா மக்களும் அய்மாரா மக்களும் ஒன்றல்ல. ஒவ்வோர் ஊர் நெசவுக்கும் வேறு வேறு கோலம். துணி எந்த ஊர் என்று கலைஞரால் சொல்ல முடியாவிட்டால் அது அலங்காரம் மட்டுமே.

இடமும் முக்கியம். 2017இல் ஈக்வடாரின் கீத்தோவில், நகராட்சிப் பண்பாட்டு மையத்தில், பொலிவியாவின் ‘முஹேரெஸ் கிரெயாந்தோ’ என்ற பெண்ணியக் குழு வரைந்த ‘அற்புதமான தெய்வநிந்தனைப் பீடம்’ என்ற சுவரோவியம் எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே பார்வையிலிருந்து மறைக்கப்பட்டது. தனியார் கூடத்தில் பத்துப் பேர் பார்த்துப் போகும் அதே உருவம், அரசுச் சுவரில் ஏறும்போது ஊர் வழக்காகிவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கம்புசானோவை முதலில் தேடாதீர்கள். பொட்டோசியின் மலை-மாதாவையும் கலமார்க்காவின் அதிதூதர்களையும் ஒரு மணி நேரம் பாருங்கள். தங்கப் பூ மடிப்பில் மடியாமல் ஓடுவதைக் கண்ணால் கண்டுகொள்ளுங்கள். அடுத்து ஓர்பெகோசோவின் மாதாக்கள். அங்கே ஓர் உறுப்புத்தான் மாறியிருக்கும், முகம். பிறகு வெலார்தே. அதற்குப் பிறகு ‘வாக்காக்களின் மாதா’வின் முன் போய் நில்லுங்கள்.